உழைச்செல்வான்: எலும்பு மச்சை மாற்றுக்குப் பிந்திய வாழ்வு குறித்து ஒரு நோக்கு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பதாகும். அதன் இறுதிக் குறள், மருத்துவம் என்பது நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், அதற்குக் கருவியாகிய மருந்து, நோயாளியின் பக்கத்திலிருந்து அம்மருந்தை இயற்றுபவன் என்னும் நான்கு உறுப்புகளை உடையது என வரையறுக்கின்றது. நான்காமவனைக் குறிக்க வள்ளுவப் பெருந்தகை ஆளும் சொல் ‘உழைச்செல்வான்’. உழை என்பது பக்கம், இடம் என்னும் பொருளது. நோயாளியின் பக்கம் செல்பவன், அங்கேயே நிற்பவன் என்பது கருத்து.

உரையாசிரியர் பரிமேலழகர் இந்நான்கு உறுப்புகளுக்கும் தனித்தனியே நான்கு பண்புகள் வகுத்துப் பதினாறாக விரிப்பார். நோயுற்றவனுக்கு அவர் கூறுவன: பொருள் உடையவனாதல், மருத்துவன் சொல்வழி நடத்தல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தினால் வரும் துன்பத்தைத் தாங்குதல். வாகபடரின் அட்டாங்க இருதயமும் ஏறத்தாழ இந்நான்கையே கூறும். இப்பகுதியைப் பல ஆண்டுகளாக இளங்கலை வகுப்பில் நடத்தி வருகிறேன். ஒருமுறை மாணவர் ஒருவர் எழுந்து, “வலிக்கிறவன் வலிக்கிறது என்று சொல்வது இயல்புதானே அம்மா, அதை ஒரு பண்பாக ஏன் எண்ண வேண்டும்?” என்று வினவினார். நல்ல வினா. அன்று நான் கூறிய விடை மாணவருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. பின்னர் அதற்குரிய விடையை நூல்களிலிருந்து அன்றி என் குடும்பத்திலிருந்தே பெற நேர்ந்தது. அதனை முன்வைத்தே இக்கட்டுரை அமைகின்றது.

ஒன்றை முதற்கண் தெளிவுபடுத்திவிட வேண்டும். இன்றைய மருத்துவ நுட்பங்களை எல்லாம் வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என நிறுவுவது என் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் மலர்தோறும் மிகுதியாக வெளிவந்துள்ளன. பழைய உரையொன்று வகுத்துவைத்த பாகுபாடு, புதியதொரு துன்பத்தைப் புரிந்துகொள்ள எவ்வளவு உதவுகின்றது என்று காண்பதே நோக்கம்.

மச்சையும் மாற்றும்

எலும்பின் உள்ளீடாகிய மென்பொருளை நூல்வழக்கில் மச்சை என்பர். சித்த மருத்துவம் உடலின் ஏழு தாதுக்களுள் ஆறாவதாக வைத்து அதனை மூளை என்றே வழங்கும். நம் வீட்டு அடுக்களைகளில் அதற்கு நல்லி என்று பெயர். செங்குருதி அணுக்களும், வெள்ளணுக்களும், குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களும் பிறப்பது இங்கேதான். குருதிப் புற்று என்பது இவ்விளைநிலத்திலேயே களை முளைத்து, பயிரை நெருக்கி அழிக்கும் நோய். கடுமையான மருந்துகளாலும் கதிர்வீச்சாலும் களையை முற்றாக அழிக்க முற்படின் நிலமும் உடன் அழியும். ஆதலின், நிலத்தை வெறுமையாக்கியபின் பிறரொருவரின் மச்சையிலுள்ள மூல அணுக்களை நோயாளியின் நாளத்தின் வழியே ஏற்றுவர். அவை தாமே வழி கண்டு எலும்புக்குள் சென்று குடியேறி, இரண்டு மூன்று வாரங்களில் புதிய குருதியை விளைவிக்கத் தொடங்கும். இதுவே எலும்பு மச்சை மாற்று எனப்படுவது.

1945இல் இரோசிமா, நாகசாகி நகரங்களின்மீது வீசப்பட்ட அணுகுண்டுகளுக்குத் தப்பியோர் பலர், கதிர்வீச்சினால் மச்சை அழிந்து பின்னர் இறந்தனர். அவ்வழிவினை ஆராய்ந்தோரின் முயற்சிகளே இம்மருத்துவத்திற்கு ஒருவகையில் தோற்றுவாய் எனலாம். அமெரிக்க மருத்துவர் ஈ. டொன்னல் தாமஸ் தம் முதல் முயற்சிகளை 1957இல் வெளியிட்டார். ஒருவர் மச்சை மற்றொருவருக்குப் பொருந்துமா என அறிய உதவும் திசு அடையாளங்களைப் பிரெஞ்சு அறிஞர் ழான் டோசே 1958இல் கண்டறிந்தார். அதன்பின்னரே இத்துறை உறுதியான நிலத்தில் கால் ஊன்றியது. டோசேக்கு 1980இலும் தாமசுக்கு 1990இலும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983இலும், நம் மாநிலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலும் இச்சிகிச்சை தொடங்கியது. உறவினர் அல்லாத கொடையாளர்களைப் பதிவு செய்யும் தாத்ரி என்னும் அமைப்பு சென்னையில் 2009இல் தோன்றியது.

ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவருக்கு இத்திசு அடையாளங்கள் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. என் தம்பிக்கு 2015இல் குருதிப் புற்று என அறியப்பட்டபோது உடன்பிறந்தோர் மூவரும் சோதித்துக்கொண்டோம். பொருந்தியவள் நான் ஒருத்தியே. 2016இல் மாற்று நடைபெற்றது. அவனுடைய இசைவைப் பெற்ற பின்னரே இதனை ஈண்டு எழுதுகிறேன்.

கொடையாளர்க்கு இதில் பெருந்துன்பம் ஒன்றுமில்லை என்பதை மாணவர்களுக்காகச் சொல்ல வேண்டும். மச்சை மாற்று என்று பெயர் வழங்கினும், பெரும்பாலும் இன்று எலும்பைத் துளைப்பதில்லை. ஐந்து நாள்கள் ஊசி போட்டு மூல அணுக்களைக் குருதிக்குள் பெருகச் செய்வர். அந்நாள்களில் இடுப்பும் முதுகும் காய்ச்சல் வந்ததுபோல் உளையும். பிறகு ஒரு கையிலிருந்து குருதியை எடுத்து, இயந்திரத்தில் பிரித்து, மறு கைவழியே திருப்பி ஏற்றுவர். நான்கைந்து மணிநேரம் படுத்திருந்தேன். ஒரு சிறு பையில் இளஞ்சிவப்பு நிறத்தில் அது நிரம்பியது. அவ்வளவே. அன்று மாலை அது அவன் உடலுக்குள் சென்றது. ஓ வகையாக இருந்த அவன் குருதி சில மாதங்களில் என் பி வகையாக மாறிற்று. எங்கள் மகல்லா இளைஞர்கள் வைத்திருக்கும் குருதிக் கொடையாளர் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே இன்னும் ஓ என்றே உள்ளது. அவன் இனி எவருக்கும் குருதி வழங்க இயலாது என்பதால் அதனைத் திருத்துவார் இல்லை.

விருந்தும் ஓம்புநரும்

நூறு நாள்கள் கடந்தன. மச்சையில் புற்றணு இல்லை என்றனர். உறவினர் வந்து ‘அல்ஹம்துலில்லாஹ்’ கூறினர். உம்மா நேர்ந்துகொண்டபடி ஏழைகளுக்கு உணவளித்தார்கள். நோய் முடிந்தது என்றே நாங்கள் அனைவரும் எண்ணினோம்.

புதிய மச்சை என்பது வெறும் குருதித் தொழிற்சாலை அன்று. அது நோயெதிர்ப்பாற்றலின் பிறப்பிடமும் ஆகும். என் மச்சையில் பிறக்கும் வெள்ளணு, தான் குடியேறிய உடலைத் தன்னுடையது என அறியாது. தோலையும், கண்ணையும், ஈரலையும் அயலாகக் கண்டு தாக்கும். இதற்கு ஆங்கில மருத்துவர் இட்ட பெயரில் ஒட்டு, ஓம்புநர் என்னும் இரு சொற்கள் உள்ளன. ஒட்டு மாங்கன்றில் வரும் அதே ஒட்டு. ஓம்புநர் என்பது விருந்து ஓம்புபவர். அஃதாவது, வந்த விருந்து தன்னை ஏற்றவரையே தாக்கும் நோய். ஜி.வி.எச்.டி. என்று சுருக்கமாக வழங்குவர். தொடக்க மாதங்களில் வருவது ஒருவகை. பின்னர் வந்து ஆண்டுக்கணக்கில் நீடிப்பது மற்றொரு வகை. பிறர் மச்சையைப் பெற்றுப் பிழைத்தோருள் நூற்றுக்கு 30 முதல் 70 பேர் வரை இந்நீடித்த வகைக்கு ஏதோ ஓர் அளவில் ஆளாவர் என மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன.

கொடையாளர் பெண்ணாகவும் பெறுபவர் ஆணாகவும் இருப்பின் இந்நோய்க்கு வாய்ப்பு மிகுதி. அப்பெண் மகப்பேறு கண்டவராயின் இன்னும் மிகுதி. கருவுற்ற காலத்தில் அவள் உடல் அயலணுக்களை அறியப் பழகிவிடுகிறது என்பதே காரணம். நான் இரு பிள்ளைகளைப் பெற்றவள். சிகிச்சைக்கு முன்பே மருத்துவர் இதனை எடுத்துரைத்தார். காதில் விழுந்தது. மனத்தில் இறங்கவில்லை. இறங்கியிருப்பினும் வேறு வழி இருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் தொடங்கிற்று. முதலில் வாயின் உட்புறம் வெள்ளைப் பின்னல்போல் படர்ந்து, மிளகாய் பட்டால் தீயாய் எரிந்தது. கண்ணீர் வற்றியது, நாளொன்றுக்குப் பத்து முறை சொட்டு மருந்து. முன்கைத் தோல் இறுகி மரப்பட்டைபோல் ஆயிற்று, முழங்கால் மடியவில்லை. ஸ்டீராய்டு மருந்துகளால் இறுக்கம் தளர்ந்தது. ஆனால் அம்மருந்து தன் கூலியைத் தனியே கேட்டது: சர்க்கரை, எலும்புத் தேய்வு, முகவீக்கம், உறக்கமின்மை, முப்பத்திரண்டாம் அகவையில் கண்புரை. கண்புரைக்கு முன்பு பெற்ற கதிர்வீச்சும் ஒரு காரணம் என்றனர். மருந்துத் துன்பத்தைத் தாங்குதலைப் பரிமேலழகர் தனியொரு பண்பாக வைத்தது எத்துணைப் பொருத்தம் என அப்போது உணர்ந்தேன்.

இதன் மறுபுறம் ஒன்று உண்டு. இந்நோய்க்கு ஆளானோரிடத்தில் புற்று மீண்டும் தோன்றுவது குறைவாக இருப்பதை 1979இல் ஆய்வாளர் கண்டனர். ஓம்புநரின் தோலைத் தாக்கும் அதே வெள்ளணு, அவர் உடலில் ஒளிந்து எஞ்சியிருக்கும் புற்றணுவையும் தேடி அழிக்கிறது. ஆகவே அதனை முற்றாக அடக்கவும் இயலாது. மிக அடக்கினால் தொற்று நோய்கள் புகும், புற்றும் தலைதூக்கக் கூடும். அடக்காவிடின் உறுப்புகள் கெடும். அதே ‘மருந்து’ அதிகாரத்தின் முதற் குறள், உடலில் அமைந்தவை மிகினும் குறையினும் நோயாகும் என்னும் கருத்தை உடையது. வாதம் முதலிய மூன்றைக் குறித்து அவர் சொன்னதை நோயெதிர்ப்பாற்றலுக்கு ஏற்றிச் சொல்வது உரை மரபாகாது எனினும், ஒவ்வொரு மாதமும் மாத்திரையில் பாதியைக் கூட்டுவதா குறைப்பதா என மருத்துவர் சிந்திக்கும்போதெல்லாம் அக்குறளே என் நினைவுக்கு வரும்.

ஸ்டீராய்டு பயன் தராத நிலையில் கொடுக்கத்தக்க மருந்துகள் நெடுங்காலம் உறுதிப்படவில்லை. இப்ருடினிப் 2017இலும், பெலுமோசுடில், ருக்சோலிடினிப் ஆகியவை 2021இலும், ஆக்சாடிலிமாப் 2024இலும் இந்நீடித்த நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவற்றின் விலையை எண்ணுங்கால், நோயாளியின் பண்புகளுள் பொருளுடைமையை முதலில் வைத்த உரையாசிரியரைக் குறைகூற இயலவில்லை. பொருள் இல்லாதவன் நோயாளியாகவும் தகுதியற்றவனா என்று இளமையில் நான் அவரைச் சினந்ததுண்டு. அவர் கண்டதைச் சொன்னார் போலும்.

போர் என்னும் உருவகம்

புற்றுநோயைக் குறித்துப் பேசும்போது நாம் பெரிதும் போர்மொழியையே ஆள்கிறோம். போராடினார், வென்றார், தோற்றார் என்கிறோம். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், நோய்களின்மீது நாம் ஏற்றும் உருவகங்கள் நோயாளிக்குத் தீங்கு செய்கின்றன என 1978இல் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டார். அவரே மூன்றாம் முறை புற்றுக்கு ஆளாகி, எலும்பு மச்சை மாற்றுச் செய்தும் பயனின்றி 2004 திசம்பரில் மறைந்தார்.

இலக்கிய மாணவர்கள் இவ்வாதத்தை ஆழ்ந்து நோக்க வேண்டும். மச்சை மாற்றுக்குப் பிந்திய நிலையில் போர் உருவகம் முற்றாகவே பொருளிழக்கின்றது. தாக்குவதும் தன்னுடைய குருதி. தாக்கப்படுவதும் தன்னுடைய தோல். வெற்றி எவருக்கு? ஆயினும் ஊரார் அவனை ‘வென்று வந்தவன்’ என்றே அழைத்தனர். வென்றவன் முனகலாமா? ‘இவ்வளவு பெரிய நோயிலிருந்து மீண்டாய், இது என்ன வாய்ப்புண்’ என்ற சொல்லை அவன் எத்தனை பேரிடம் கேட்டிருப்பான் என்பதற்குக் கணக்கில்லை. கூறியவர் அனைவரும் அன்பினாலேயே கூறினர்.

தூனிசியத் தந்தைக்கும் சுவிட்சர்லாந்துத் தாய்க்கும் பிறந்து நியூயார்க்கில் வாழும் எழுத்தாளர் சுலைக்கா ஜவாத் இந்நிலையை விரிவாக எழுதியவர். 22ஆம் அகவையில் குருதிப் புற்றுக்கு ஆளாகி, 2012இல் தம் உடன்பிறந்தானின் மச்சையைப் பெற்றவர். ‘இரு நாடுகளுக்கிடையே’ என்னும் பொருள்படத் தம் நூலுக்குச் சொன்டாக்கின் கருத்தொன்றைத் தழுவிப் பெயரிட்டு 2021இல் வெளியிட்டார். சிகிச்சைக் காலத்தைக் காட்டிலும், நலமடைந்தாய் என்று சொல்லி அனுப்பப்பட்ட பிறகு வாழத் தெரியாது நின்ற காலமே அதன் பிற்பகுதிக்குப் பொருளாயிற்று. நூல் வெளிவந்த ஆண்டின் இறுதியில் அவருக்கு நோய் திரும்பியது. 2022இல் அதே உடன்பிறந்தான் இரண்டாம் முறையும் மச்சை வழங்கினார். 2024இல் மீண்டும் நோய் தோன்றியதை அவரே அறிவித்தார். நலமானோர் நாடு, நோயுற்றோர் நாடு என இரண்டு தனித்தனியே இல்லை. எல்லைப்புறத்தில் குடியிருப்போர் பலர் என்பது அவர் வாழ்விலிருந்து விளங்கும்.

பொறுமையும் மறைத்தலும்

2018இன் நடுப்பகுதி. தம்பி மாடிக்கு ஏறுவதை நிறுத்தினான். முழங்கால் வலி என்றான்; நம்பினோம். பள்ளிவாசலுக்கு நடந்து செல்பவன் வண்டியில் செல்லத் தொடங்கினான். வெயில் ஆகாது என்றான். அதுவும் உண்மைதான், வெயில் பட்டால் தோல்நோய் மிகும் என மருத்துவரே கூறியிருந்தார். ஐந்து மாதங்கள் இவ்வாறு கழிந்தன. ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்க நின்றான். சளியா என்றேன். இல்லை என்றான். மறுநாளே அழைத்துச் சென்றோம்.

இந்நோய் நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழல்களையும் தாக்கும். அவை வடுவாகிச் சுருங்கி அடைபடும். அடைபட்ட குழல் மீண்டும் திறவாது. எஞ்சியவற்றைக் காக்க மட்டுமே மருத்துவம் உண்டு. முதல் நொடியில் அவனால் ஊதி வெளியேற்ற இயன்ற காற்று, அவன் அகவைக்கும் உயரத்திற்கும் உரியதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. முன்னரே சொல்லியிருந்தால் எவ்வளவு காத்திருக்கலாம் என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. அவரும் கூறவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவனைக் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்து பின், “உங்க அணுதான் இதைச் செய்யுதுன்னு ஒவ்வொரு தடவையும் நீங்க முகம் வாடுறீங்க ராத்தா. நான் எப்படிச் சொல்றது?” என்றான்.

மாணவரின் வினாவுக்கு விடை இதுதான். வலிப்பவன் வலிக்கிறது என்று சொல்வது இயல்பன்று. கேட்பவர் முகத்தைப் பார்த்தே அவன் சொல்கிறான், அல்லது சொல்லாது விடுகிறான். ஆகவேதான் நோய்நிலை எடுத்துரைத்தலை நூலோர் முயன்று பெறவேண்டிய பண்பாக வைத்தனர். அப்பண்புக்குப் பாதி பொறுப்பு உழைச்செல்வானுடையது என்பதை நான் பிந்தியே அறிந்தேன். உழைச்செல்வானுக்கு உரையாசிரியர் கூறும் நான்கனுள் முதலாவது நோயாளியிடத்து அன்பு, இறுதியானது அறிவு. முதலாவது என்னிடம் மிகுதியாக இருந்தது. இறுதியானது இல்லை.

மறைத்தலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. பெரியோர் சிலர் அவனுக்கு ‘ஸபூர் செய்யுங்கள் தம்பி’ என அறிவுரை கூறினர். பொறுமை நம் மார்க்கத்தில் தலையாய பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பொறுமை என்பது வாய் திறவாமை என்று எவரும் கற்பிக்கவில்லை. பொறுமைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படும் அய்யூப் நபி (அலை) அவர்கள், தமக்குத் துன்பம் நேர்ந்துவிட்டதை இறைவனிடம் வெளிப்படையாக எடுத்துரைத்து இறைஞ்சியதைத் திருமறையின் 21ஆம் அத்தியாயம் கூறுகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுங்காய்ச்சலில் இருந்தபோது, காண வந்த தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம், இருவருக்கு வரும் அளவு காய்ச்சல் தமக்கு இருப்பதாகத் தெரிவித்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. அளவைக்கூடச் சொன்னார்கள் என்பது கருதத்தக்கது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியதும் அவர்களே. ஆகவே மருத்துவரிடமும் பக்கத்திருப்போரிடமும் நோயை உரைப்பது பொறுமைக்கு மாறானது அன்று.

நோன்பு குறித்தும் இவ்விடத்தில் கூற வேண்டும். நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளுள் சில பன்னிரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை தவறாது உட்கொள்ளப்பட வேண்டியவை. நீர் குறைந்தால் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். நோன்பு வேண்டாம் என்றார் மருத்துவர். நோயாளிகள் வேறு நாள்களில் நோற்கலாம் என்பதும், நோற்க இயலாதோர் ஏழைக்கு உணவளித்து ஈடு செய்யலாம் என்பதும் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களால் பெறப்படுவன. தீரா நோயாளிக்கு இந்த ஈடு பொருந்தும் என ஆலிம்கள் தெளிவுபடுத்தினர். சட்டம் இவ்வளவு எளிதாக இருந்தும் அவன் 2017 ரமலானில் ஏழு நோன்புகள் எவருமறியாமல் நோற்றான். காரணம், கடைத்தெருவில் ஒருவர் அவனைப் பார்த்து, ‘ஆள் நல்லாத்தானே இருக்கீங்க’ என்றாராம். ஸ்டீராய்டால் வீங்கிய முகம் கொழுத்த முகமாகத் தோன்றும் என்பது பார்ப்போர்க்குத் தெரியாது. உடல்நலத்தோடு இருந்தபோது ஒருவர் செய்துவந்த நற்செயல்களின் கூலி, நோயில் அவற்றைச் செய்ய இயலாதபோதும் அவருக்கு எழுதப்படும் என்னும் நபிமொழியை அக்கடைக்காரர் அறியாதவர் அல்லர். நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே.

பக்கத்திருத்தல்

நோயாளியைச் சென்று காண்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்று. மாற்று முடிந்த முதலாண்டில் இக்கடமையே எங்களுக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. கூட்டமாக வருவர், கைகொடுப்பர், முஆனகா செய்வர், சளி பிடித்த குழந்தையையும் உடன் அழைத்து வருவர். தடுத்தால் வருந்துவர். வாசலில் நாற்காலி இட்டு, உம்மா அங்கேயே அமர்ந்து வந்தோரிடம் சலாமும் துஆவும் பெற்று அனுப்பினார்கள். பெருமை பிடித்த குடும்பம் என்று பேச்சும் எழுந்தது. 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் முகக்கவசத்தையும் விலகி நிற்றலையும் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அதன்பின் மூன்று நான்கு ஆண்டுகளில் அப்பாடம் பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது.

அன்றாடம் செய்யவேண்டியவை சிறியனவே. நெடுங்கை உடையும் குடையும் இன்றி வெளியே செல்லாமை, மென்மையான பல்துலக்கி, வாயில் புதிய புண் தோன்றி ஆறாவிடின் காட்டுதல், ஏனெனில் மாற்றுப் பெற்றோர்க்கு வாயிலும் தோலிலும் வேறு புற்று வரும் வாய்ப்பு பிறரினும் மிகுதி, ஆண்டுக்கொருமுறை தைராய்டு, எலும்புச் செறிவு, கண் ஆகியவற்றைச் சோதித்தல். பழைய மச்சையோடு பழைய தடுப்பூசிகளின் பயனும் போய்விடுவதால், குழந்தைகளுக்குரிய ஊசிகளையும் மீண்டும் போட வேண்டும். அரசு நலவாழ்வு நிலையத்தில் கைக்குழந்தைகளோடு வரிசையில் முப்பது அகவையைக் கடந்த ஆடவன் நின்றதைக் கண்டு செவிலியர் சிரித்தார்; அவனும் சிரித்தான். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து நிற்கும்வரை போடலாகாது என்பதால் அவை இன்னும் நிலுவையில் உள்ளன. பிள்ளைப்பேறு குறித்த துன்பம் தனி. அதனை அவனும் அவன் மனைவியும் மட்டுமே பேசத்தக்கவர்.

இவை அனைத்தையும் அவன் மனைவியே ஏற்றுச் செய்கிறாள். சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை என உரை கூறும் பண்பை நான் அவளிடம் கண்டேன். நான் ஏற்றுக்கொண்டது ஒன்றே. கையடக்கமான மூச்சளவி ஒன்று உள்ளது. அதில் ஊதினால் முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு லிட்டரில் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் மஃக்ரிபுக்குப் பின் அவன் ஊதி, அந்த எண்ணை எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கேட்கும்போது நான் முகம் வாடக் கூடாது என்பது அவன் விதித்த நிபந்தனை. தொலைபேசியில் முகம் தெரியாதே என்றேன். குரலில் தெரியும் என்றான்.

முதல் ஓராண்டு என் குரலை அடக்கிக்கொள்வது எனக்கு அரிதாகவே இருந்தது. எண் குறைந்த நாளில், “சரி, திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துருவோம்” என்பதற்குமேல் பேசாதிருக்கப் பழகினேன். இருமுறை அவ்வாறு உடனே சென்றதனால் தொற்று நுரையீரலுக்குள் ஆழ்வதற்குமுன் தடுக்கப்பட்டது. ருக்சோலிடினிப் தொடங்கியபின் தோலின் இறுக்கம் சற்றுத் தளர்ந்துள்ளது. ஸ்டீராய்டு பெரிதும் குறைந்துள்ளது. தொழுகையில் ஸஜ்தாவுக்கு இன்னும் குனிய இயலவில்லை. நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறான். முன்பெல்லாம் அதற்காகப் பள்ளியின் கடைசி வரிசையில் மூலையில் அமர்வான். இப்போது வரிசையின் ஓரத்தில் நாற்காலியை இட்டு, யாரேனும் கேட்டால் முழுக் கதையையும் சொல்கிறான். கேட்டவர்தாம் இகாமத் சொல்லும்வரை அகப்பட்டுக் கொள்கிறார்.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் இவ்வெள்ளியில் அவன் சொன்ன எண் 1.7. சென்ற வெள்ளியிலும் அதுவே. “மிளகாய் போடாத வட்டிலாப்பம் வேணும் ராத்தா” என்றான். வட்டிலாப்பத்தில் மிளகாய் ஏது என்றேன். “அதனாலதான் கேட்கிறேன்” என்றான்.